அம்மான்ர 14 மருந்தையும் மேசையில கொட்டிப் பாத்த கிளினிக், வெள்ளவத்தை

இத எழுத மூண்டு மாசம் பொறுத்தனான். போய் வந்த சந்தோசத்தில எழுதிப்போட்டு பேந்து அம்மாக்கு ஏதும் ஒண்டெண்டா, நான் எழுதினத நம்பி நாலு பேர் அங்க போய் நிப்பினம், அது சரியில்ல. இப்ப மூண்டு மாசம் முடிஞ்சுது, இரத்தமும் திரும்பச் சோதிச்சாச்சு, அதால எழுதுறன்.

இடம் வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்கிற ஒரு ஒழுங்கை. கீழ பாமசி, மேல ரெண்டு அறை. ஒரு ஃபிசிஷன், பொம்பிளை டொக்டர், தமிழ் ஆள். பேர் போட வேண்டாமெண்டு அவவே கேட்டவ, அதால போடேல்ல. அவ புதுசா வருத்தம் ஒண்டும் கண்டுபிடிக்கிற ஆள் இல்ல. கன வருசமா கன வருத்தத்தோட இருக்கிற ஆக்கள், நாலைஞ்சு ஸ்பெஷலிஸ்ட்மாரிட்ட காட்டிக்கொண்டு திரியிற ஆக்கள், அவையின்ர மருந்தெல்லாத்தையும் ஒண்டா வச்சுப் பாத்து எது இந்த ஆளுக்குப் பொருந்தும் எது பொருந்தாது எண்டு சொல்லுறதுதான் அவ செய்யிற வேலை. கொழும்பில இத ஒரு வேலையா எடுத்துச் செய்யிற ஆள நான் இதுக்கு முதல் காணேல்ல.

அம்மாக்கு 77 வயசு. ஊர் கரவெட்டி. சீனி வருத்தம் 24 வருசம், 2017இல ஹார்ட் அட்டாக் வந்ததில இருந்து இருதயம் பம்ப் பண்ணுறது குறைவு, கிட்னி நாலாம் ஸ்ரேஜ், கிட்னி எவ்வளவு வடிகட்டுது எண்டு காட்டுற ஈஜிஎஃப்ஆர் 26, பிரஷர், அதோட ரெண்டு முழங்காலும் தேய்வு. சுகருக்கு ஒராள், இருதயத்துக்கு ஒராள், கிட்னிக்கு ஒராள், எலும்புக்கு ஒராள். நாலு பேரும் கெட்டிக்காரர்தான், நான் குறை சொல்ல வரேல்ல. ஆனா நாலு பேரும் நாலு அம்மாவப் பாத்தவை, வீட்ட இருக்கிறது ஒரு அம்மா.

பெப்ரவரியில ஒரு நாள் விடியப்பறம் மூண்டு மணிக்கு கோப்பை விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பாத்தா அம்மா கட்டில் விளிம்பில இருக்கிறா, நைற்றி முழுக்கத் தோய்ஞ்சு போய் இருக்கு, கை பதறுது, என்னைப் பாத்து "அண்ணை" எண்டு கூப்பிடுறா. பெரிய மாமா செத்து 11 வருசம். குத்திப் பாத்தா சுகர் 48. சீனித் தண்ணி பருக்கிப்போட்டு 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சனாங்கள், கெதியா வந்தவை, ஆஸ்பத்திரியில ட்ரிப் ஏத்தி விடிய எட்டு மணிபோல விட்டவை. அடுத்த கிழமை சுகர் கிளினிக்கில ரிப்போட் பாத்த டொக்டர், ரெண்டு மூண்டு மாசச் சுகரின்ர சராசரியக் காட்டுற எச்பிஏ1சி 6.2, எக்ஸலன்ட் கொன்ட்ரோல் எண்டு சொல்லி, அதே மருந்த அதே அளவில திரும்ப எழுதினவர். நான் அந்த ராத்திரிக் கதையச் சொன்னன். இரவில ஒழுங்கா சாப்பிடச் சொல்லுங்கோ எண்டு சொன்னார், அடுத்த ஆள் உள்ள வந்திட்டார். எந்த இடம் எண்டு எழுதேல்ல, ஏனெண்டா அந்த டொக்டரும் அண்டைக்கு அறுபது எழுபது பேரப் பாத்திருப்பார்.

இங்க எப்பிடியெண்டு சொல்லுறன். சனல் பண்ணி நேரம் எடுக்கேக்கயே கவுன்ரரில இருக்கிற பிள்ளை சொன்னது, டொக்டர்மார் மருந்தெழுதின துண்டு மட்டும் கொண்டு வராதேங்கோ, வீட்ட இருக்கிற மருந்து முழுக்க பெட்டியோட கொண்டு வாங்கோ, கை வைத்தியம், கசாயம், வெளிநாட்டில இருந்து வந்தது, பக்கத்து வீட்டு ஆக்கள் தந்தது எல்லாம் வேணுமெண்டு. ஒரு சொப்பிங் பாக் நிறையக் கொண்டுபோனம். டொக்டர் மேசையில ஒரு வெள்ளைத் தாள் விரிச்சு அதில கொட்டினா. கொட்டிப்போட்டு ஒவ்வொண்டா எடுத்து மருந்தின்ர உண்மையான பேர தாளில எழுதி அதுக்கு மேல குளிசைய வைச்சா. எழுதி முடியேக்க ஊசியும் சேத்து 14.

ஆனா 14 மருந்தில்ல, 13தான். லொசாட்டன் எண்ட பிரஷர் மருந்து ரெண்டு இடத்தில வந்து நிக்குது. ஒண்டு வெள்ளை, மற்றது கொஞ்சம் பச்சை, ரெண்டு கொம்பனி, ரெண்டு பேர், ஒரே மருந்து. 2022இல டொலர் இல்லாம மருந்து தட்டுப்பாடு வந்த நேரம் கிடைச்சத வாங்குங்கோ எண்டு எல்லாரும் சொன்னவை, அப்ப வாங்கத் தொடங்கினது ஒண்டு, பழையது திரும்ப வந்த உடன அதுவும் சேந்திட்டுது. நாங்கள் ரெண்டையும் காலமையும் பின்னேரமுமா விழுங்கக் குடுத்திருக்கிறம். நான்தான் பெட்டியில போட்டு வைக்கிற ஆள். செனக பிபிலே எண்ட பேராசிரியர் 1971இல அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கேக்க பிடிச்ச பிடி இதுதான், கொம்பனிப் பேர விட்டுட்டு மருந்தின்ர பேர எழுதுங்கோ எண்டு. அந்த மனிசன் சொன்னத எல்லாரும் கேட்டிருந்தா எங்கட வீட்டில இது நடந்திருக்காது.

சுகர் கதைக்கு வாறன். டொக்டர் ரிப்போட்டத் தொடேல்ல, அம்மாவப் பாத்துத்தான் கேட்டா, "அம்மா, இந்த வருசத்தில எத்தனை தரம் வேர்த்து நடுங்கி வந்தது?" நான் ஒரு தரம் எண்டு சொல்ல வாயெடுக்க அம்மா சொல்லுறா, "ஏழெட்டுத் தரம் இருக்கும் டொக்டர். பிள்ளையள் பயப்பிடுவினம் எண்டு சொல்லேல்ல. தலைமாட்டில குளுக்கோஸ் பெட்டி வச்சிருக்கிறன்." எனக்கு அந்த இடத்தில நெஞ்சு அடைச்சுப் போச்சு. அந்தப் பெட்டிய நான் கண்டனான், அம்மா கோப்பிக்குப் போடுறா எண்டு நினைச்சிருந்தனான்.

பிறகு அந்த 6.2 ஏன் நம்பேலாத நம்பர் எண்டு விளங்கப்படுத்தினா. எச்பிஏ1சி எண்டுறது இரத்தத்தின்ர சிவப்புக் கலத்தில ஒட்டின சீனியின்ர அளவு. கலம் கிட்டத்தட்ட 120 நாள் இருந்தாத்தான் அந்தக் கணக்குச் சரி. கிட்னி பழுதான ஆக்களுக்குக் கலம் கெதியா செத்துப்போகும், அம்மாக்கு இரத்தம் குறைவெண்டு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஊசி போடுறதால புதுக் கலமும் வந்துகொண்டிருக்கும், புதுக் கலத்தில சீனி ஒட்ட நேரமில்ல, நம்பர் குறைவாக் காட்டும். அதுக்கு மேல கிட்னி வேலை செய்யாட்டி இன்சுலின் உடம்பில நிண்டு பிடிக்கும். அப்ப நல்ல நம்பர் எண்டு நாங்கள் சந்தோசப்பட்டதில பாதி பொய், மிச்சம் ராவில அம்மா வேர்த்த வேர்வை.

நான் கேட்டன், அப்ப டொக்டர்மார் பாத்து வைத்தியம் செய்யிற கைட்லைன் பிழையோ எண்டு. இதுக்கு அவ சொன்ன பதிலுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறன். கைட்லைன் பிழையில்ல, திறந்த பக்கம் பிழை எண்டா. அமெரிக்க டயபடீஸ் சங்கத்தின்ர கைட்லைனில வயது போனவைக்கெண்டு தனிப் பகுதியே இருக்காம், வேற பெரிய வருத்தம் இல்லாத ஆளுக்கு எச்பிஏ1சி 7இல இருந்து 7.5க்குக் கீழ, மூண்டு அதுக்கு மேல வருத்தம் உள்ள ஆளுக்கு 8க்குக் கீழ, அதையும் விட மோசமான நிலையில இருக்கிற ஆளுக்கு நம்பரப் பிடிச்சுத் தொங்காதேங்கோ, சுகர் இறங்கி லோவாகாம பாருங்கோ எண்டு எழுதிக் கிடக்கு. அம்மாக்கு 45 வயசு ஆளின்ர பக்கத்தத் திறந்து வச்சு வைத்தியம் நடந்திருக்கு, ஏனெண்டா 24 வருசத்துக்கு முதல் வருத்தம் பிடிக்கேக்க திறந்த பக்கத்த ஆரும் திருப்பேல்ல.

வீட்ட வந்து நானும் தேடி வாசிச்சன். அக்கோர்ட் எண்டு ஒரு ஆராய்ச்சி, 10,251 சீனி வருத்தக்காரர், இருதய வருத்தம் இருந்த அல்லது வரக்கூடிய ஆக்கள், சராசரி வயசு 62. பாதிப் பேருக்கு மருந்தக் கூட்டி எச்பிஏ1சிய 6க்குக் கீழ கொண்டுவரப் பாத்தவை, மற்றவைய 7க்கும் 7.9க்கும் நடுவில விட்டவை. இறுக்கிப் பிடிச்ச பக்கத்தில 257 பேர் செத்தவை, விட்டுப் பிடிச்ச பக்கத்தில 203. 2008 பெப்ரவரியில அந்த இறுக்கிப் பிடிக்கிறத இடையில நிப்பாட்டிப்போட்டினம். இது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துக் கதை, இவ்வளவு வருசம் போயும் எங்கட வீட்டில 6.2க்கு கை தட்டினம்.

பிரஷர் பாத்த விதமும் எழுதோணும். மற்ற இடங்களில கதிரையில இருத்தி வச்சு ஒருக்காப் பாப்பினம், சில இடத்தில உடுப்புக்கு மேலால. இங்க அம்மாவ அஞ்சு நிமிசம் படுக்க வச்சுப் பாத்தா, 128. பிறகு டொக்டரே கையப் பிடிச்சு எழுப்பி நிக்க வச்சு ஒரு நிமிசத்தில பாத்தா, 104. அம்மா மேசைய எட்டிப் பிடிச்சவ. "கண் இருட்டிக்கொண்டு வருது" எண்டா. இந்தச் சொல்ல அம்மா ஒரு வருசமா சொல்லுறவ, நான்தான் மற்ற டொக்டர்மாருக்கு இங்கிலிஷில டயர்ட் எண்டு சொல்லி வந்திருக்கிறன். அம்மாக்குச் சிங்களமும் இங்கிலிஷும் விளங்கும் ஆனா வருத்தம் சொல்ல வராது, நெஞ்சு பிசையுது எண்டத நான் எப்பிடி மாத்திச் சொல்லுறது. போன நவம்பர் பாத்ரூமில விழுந்ததும் இதாலதான் எண்டு இப்ப விளங்குது.

கிட்னிப் பக்கம் பிரஷர் 120க்குக் கீழ வேணுமெண்டு கொப்பியில எழுதியிருந்தவை. அந்த 120 வந்தது முக்கியமா ஸ்பிரின்ட் எண்ட ஆராய்ச்சியில இருந்து, 2015, 9,361 பேர். டொக்டர் கேட்டா, அந்த ஆராய்ச்சிக்கு அம்மா போயிருந்தா வாசலில என்ன சொல்லியிருப்பினம் தெரியுமோ எண்டு. சீனி வருத்தம் இருந்தா எடுக்கேல்ல. நிக்கேக்க பிரஷர் 110க்குக் கீழ போனா எடுக்கேல்ல. அம்மாவ ரெண்டு தரம் திருப்பி அனுப்பியிருப்பினம். எடுக்காத ஆளுக்கு அந்த நம்பர மட்டும் குடுத்திருக்கு.

இதக் கேட்ட உடன எனக்கு எல்லா மருந்திலயும் சந்தேகம் வந்திட்டுது, பாதிய வீசலாம் எண்டு நினைச்சன், அங்கதான் அவ என்னை நிப்பாட்டினா. எங்கட ஆக்கள் எல்லாரும் இத வாசிக்கோணும், ஏனெண்டா கைட்லைன் எனக்குப் பொருந்தாது எண்டு சொல்லி மருந்த நிப்பாட்டுற ஆக்கள் எங்களுக்குள்ள கனபேர் இருக்கினம். பக்கத்து வீட்டு அன்ரி வயசு போனவைக்கு அஸ்பிரின் கூடாது, ஆராய்ச்சியில வந்திட்டுது எண்டு சொல்லி அம்மாவும் ரெண்டு கிழமை விட்டிருந்தவ. டொக்டர் சொன்னா அந்த ஆராய்ச்சி உண்மை, 2018, 19,114 பேர், ஆனா எல்லாரும் இருதய வருத்தம் வராத சுகதேகிகள். அம்மாக்கு ஏற்கனவே அட்டாக் வந்தது. அப்ப அந்த ஆராய்ச்சியிலயும் அம்மா இல்ல. அஸ்பிரின் தொடரோணும். அஸ்பிரின் வயித்தப் புண்ணாக்கும் எண்டதால காஸ் குளிசையும் இருக்கட்டும். கார்வெடிலோல் அம்மாக்கு அலுப்புத் தருது, நிப்பாட்டலாமோ எண்டு கேட்டம், அதையும் விடேல்ல, பலவீனமான இருதயத்துக்கு உயிர் காக்குது எண்டு நல்லா நிரூபிச்ச மருந்து, அம்மா மாதிரி ஆக்களிலதான் சோதிச்சது, சாப்பாட்டோட எடுங்கோ, எழும்பி நிக்கேக்க தலைச்சுத்திறது குறையும் எண்டா.

எல்லாத்திலயும் கடுமையாச் சொன்னது டைக்ளோஃபினாக்குக்கு. முழங்கால் நோகுதெண்டு துண்டில்லாமலே பாமசியில வாங்கிப் போடுறது. லொசாட்டன், தண்ணி போக்கிற ஃபுரோசமைட், அதோட இந்த நோக்குளிசை, மூண்டும் சேந்தா கிட்னி இரத்தத்த வடிகட்டுற அழுத்தம் மூண்டு பக்கத்தாலயும் குறையும். ஈஜிஎஃப்ஆர் 26இல இருக்கிற ஆளுக்கு இது வேண்டாமெண்டு சொல்லுற கைட்லைன் நூறு வீதம் அம்மாக்குத்தான் எழுதினது எண்டா. சுகர் குளிசை மெட்ஃபோர்மினும் ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ போனா நிப்பாட்டோணும், அது ஆரும் கவனிக்காமப் போயிட்டுது. மற்றச் சுகர் குளிசை கிளிக்கிளசைட்டும் நிப்பாட்டு. பின்னேர இன்சுலின் குறைப்பு. கனடாவில இருந்து சித்தி அனுப்பின விற்றமினும் போச்சு. 14இல 9 மிச்சம்.

ஒவ்வொரு மருந்துக்கும் அவ கேக்கிற கேள்வி ஒரே மாதிரித்தான், இதச் சோதிச்ச ஆக்களுக்குள்ள இந்த அம்மா மாதிரி ஒராள் இருந்ததோ, பலன் தெரிய எத்தனை வருசம் செல்லும், அந்தப் பலன் இவ கேக்கிற பலனோ. மூண்டாவது கேள்விக்காக அம்மாட்ட நேராவே கேட்டா, "உங்களுக்கு என்ன வேணும் அம்மா?" 24 வருசத்தில இத ஆரும் கேட்டதா எனக்கு ஞாபகமில்ல, நானும் கேக்கேல்ல. அம்மா கன நேரம் யோசிச்சா. "ராவில பயமில்லாமப் படுக்கோணும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வரோணும்." மயூரபதி அம்மன் கோயில், எங்கட வீட்டில இருந்து ஓட்டோவில அஞ்சு நிமிசம். அம்மா ஏழு மாசமாப் போகேல்ல. நாங்கள் முழங்கால் நோவெண்டு நினைச்சம். உண்மையில காலமை எட்டு மணிக்கு ஃபுரோசமைட் போட்டா பத்தரை மட்டும் பாத்ரூமும் கட்டிலும்தான், கோயிலில அவசரமா வந்தா என்ன செய்யிறதெண்டு வெக்கத்தில போகாம விட்டிருக்கிறா. டொக்டர் உடன எழுதினா, வெள்ளிக்கிழமையில இந்தக் குளிசை பூசை முடிஞ்சு வந்து 11 மணிக்கு. அவ்வளவுதான். இதுக்கு ஒரு ஆராய்ச்சியும் தேவைப்படேல்ல.

சாப்பாட்டுத் தாள் விசயமும் இருக்கு. சீனி வருத்தத் தாளில பழம், கீரை, பருப்பு சாப்பிடச் சொல்லியிருக்கு. கிட்னித் தாளில பொட்டாசியம் கூடின வாழைப்பழம், தக்காளி, கீரை, இளநி வேண்டாமெண்டு இருக்கு. இருதயத் தாளில உப்புக் குறைக்கோணும். அம்மா மூண்டையும் ஃபிரிஜ் கதவில ஒட்டி வச்சு எல்லாத்துக்கும் கீழ்ப்படிஞ்சு ரஸ்க்கும் பிளேன் டீயுமா ரெண்டு நேரம் ஓட்டிக்கொண்டிருந்தவ, ஆறு கிலோ குறைஞ்சிட்டா. டொக்டர் பொட்டாசியம் ரிப்போட்டப் பாத்து, இப்ப அளவாத்தான் இருக்கு, கீரைய அவிச்சுத் தண்ணிய ஊத்திப்போட்டு கொஞ்சமா சாப்பிடுங்கோ, முட்டையும் மீனும் எடுங்கோ, பட்டினி கிடந்தா லோவாகும் எண்டு சொல்லி மூண்டு தாளுக்கும் பதிலா அரைப்பக்கம் தமிழில எழுதித் தந்தா. கையெழுத்து விளங்குது, இதையும் சொல்லோணும்.

எங்கட வீட்டுக் கதை புதுசில்ல எண்டும் பிறகு வாசிச்சன். 2005இல ஜோன்ஸ் ஹொப்கின்ஸில இருந்து சிந்தியா பொயிட் எண்ட டொக்டரும் கூட வேலை செய்யிறவையும் 79 வயசில அஞ்சு வருத்தத்தோட ஒரு பொம்பிளைய கற்பனையா வச்சு, எல்லாக் கைட்லைனையும் அப்பிடியே கடைப்பிடிச்சா என்ன வரும் எண்டு கணக்குப் பாத்தவை. 12 மருந்து, ஒரு நாளைக்கு 19 வேளைக் குளிசை. ஒவ்வொரு கைட்லைனும் தன்ர பங்குக்குச் சரி, கூட்டி வச்சா ஒரு மனுசியால தூக்கேலாது. 2016இல பிரித்தானியாவில நைஸ் அமைப்பு கன வருத்தம் சேந்து உள்ளவைக்கெண்டே தனிக் கைட்லைன் போட்டது.

குறையும் எழுதோணும். எங்களுக்குத் தந்த நேரம் பின்னேரம் 4.30, உள்ள போனது 6.10. உள்ள 50 நிமிசம் தந்தவ எண்டதால மனசு ஆறினது, ஆனா வெளியில இருந்த கதிரை பிளாஸ்டிக், முழங்கால் வருத்தக்காரருக்கு எழும்பவே ஏலாது. லிஃப்ட் இல்ல, 17 படி, அம்மா மூண்டு இடத்தில நிண்டுதான் ஏறினவ, இப்பிடியான ஆக்களுக்கெண்டே நடத்துற இடம் மேல் மாடியில இருக்கிறது எனக்கு ஏற்கேல்ல. பதியிற ஃபோம் இங்கிலிஷில மட்டும். ஃபோனுக்கு மூண்டு தரம் எடுத்தா ஒருக்காத் தூக்குவினம். காசு வழமையான சனலிங்கின்ர ரெண்டு மடங்கு, ஆறு மருந்துக்குமேல எடுக்கிற குடும்பங்களில கனபேருக்கு இது கட்டாது, இந்த வேலை அரசாங்க கிளினிக்கில ஒரு மேசை போட்டு நடக்கவேண்டியது.

மற்ற டொக்டர்மாருக்கு ஒவ்வொரு கடிதம் தந்து விட்டவ, தானா ஒண்டையும் ஒளிச்சு மாத்தேல்ல. கிட்னி டொக்டர் வாசிச்சுப்போட்டு டைக்ளோஃபினாக் கதைக்கு என்னைத்தான் பேசினவர், பேசவேண்டியதுதான். ஆனா பிரஷர 140 வரைக்கும் விடலாமெண்டு இவ கடிதத்தில எழுதினதுக்கு அவர் ஒத்துக்கொள்ளேல்ல, சலத்தில புரதம் போகுது, லொசாட்டன் ஒண்டு முழு அளவில வேணுமெண்டு சொல்லி ரெண்டு பேரும் ஃபோனில கதைச்சு 130க்குக் கிட்ட, நிக்கேக்க தலைச்சுத்து இல்லாம எண்டு முடிவெடுத்தவை. எனக்கு இது பிடிச்சுக்கொண்டது. அம்மாவ வச்சு ரெண்டு டொக்டர் ஒரு கதை கதைச்சது இதுதான் முதல் தரம். சுகர் டொக்டர் முதலில "ஆர் இத நிப்பாட்டச் சொன்னது" எண்டு கேட்டவர், ராத்திரிச் சுகர் எழுதின கொப்பியக் காட்டின பிறகு ஒண்டும் சொல்லாம புதுத் துண்டு எழுதித் தந்தார்.

மூண்டு மாசத்துக்கு என்ன நடந்தது. எச்பிஏ1சி 7.4. அதோட விரல் குத்திப் பாக்கிறதையும் சேத்துத்தான் பாக்கிறம், ரெண்டு தரம் 250க்கு மேல போனது, ரெண்டும் கலியாண வீட்டுச் சாப்பாடு. லோ ஒரு தரமும் இல்ல. ரெண்டாம் மாசம் கால் வீங்கி மூச்சு வாங்கினது, ஃபுரோசமைட் அஞ்சு நாளைக்கு அரைக் குளிசை கூட்டிச் சரியாக்கினது, அதால எல்லாம் சுகமெண்டு நான் சொல்லேல்ல. ஈஜிஎஃப்ஆர் 26 இப்ப 27. டயாலிசிஸ் கதை ஒரு நாள் வரும், அதையும் டொக்டர் மறைக்கேல்ல, வரேக்க செய்யிறதும் உண்டு செய்யாம வருத்தத்துக்கு மட்டும் மருந்து எடுக்கிறதும் உண்டு, ரெண்டையும் அம்மாவோட இருந்து கதைப்பம் எண்டு சொன்னவ. அம்மா இப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறா. குளுக்கோஸ் பெட்டிய தலைமாட்டில இருந்து எடுக்க வேண்டாமெண்டு நான்தான் சொன்னன்.

போற ஆக்களுக்கு ரெண்டு மூண்டு விசயம். சுகர், பிரஷர் எழுதின கொப்பி ரெண்டு கிழமைக்காவது கொண்டு போங்கோ, ராத்திரி மூண்டு மணிக்கு ஒரு தரமாவது குத்திப் பாத்து எழுதுங்கோ. வருத்தக்காரர கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ, பிள்ளை மட்டும் போனா அவ பாக்கமாட்டா. ஓட்டோவ ஒழுங்கைக்குள்ள பாமசி வாசல் மட்டும் விடச் சொல்லுங்கோ, படி ஏறவே ஏலாத ஆளெண்டு பதியேக்க சொன்னா சனிக்கிழமை காலமையில டொக்டர் கீழ பாமசிக்குப் பின்னால இருக்கிற அறைக்கு இறங்கி வந்து பாக்கிறவ. இது எங்களுக்கு முதலே தெரியாமப் போச்சு.